கணுக்கால் புண், வலை மாதிரி தோல், ஏபிஎஸ்: ஆஸ்பிரினா, வார்ஃபரினா, புது மாத்திரையா, ஹெப்பரின் ஊசியா?

கணுக்கால் பக்கம் ஆறாத சின்னச் சின்னப் புண்ணு, சுத்தி வெள்ளைத் தழும்பு, தொடையிலயும் முழங்கையிலயும் வலை விரிச்ச மாதிரி ஊதாக் கோடு. முதல்ல தோல் டாக்டர், அப்புறம் வெரிகோஸ் பாக்குற டாக்டர், நடுவுல சுகர் டெஸ்ட், எல்லாம் சுத்தி முடிச்சு கடைசியில ரத்த டெஸ்ட்ல ஆன்டிபாஸ்ஃபோலிபிட் சிண்ட்ரோம், சுருக்கமா ஏபிஎஸ்னு வந்து நிக்கும். அதுக்கப்புறம் எல்லாரும் கேக்குறது ஒரே கேள்விதான்: ரத்தம் உறையாம இருக்க எந்த மருந்து? ஒரு டாக்டர் அசிட்ரோம்ங்குறார், இன்னொருத்தர் புது மாத்திரை ரிவராக்சபான் போட்டா டெஸ்ட்டே வேணாம்ங்குறார், பக்கத்து வீட்டுக்காரங்க எகோஸ்பிரின், அதாவது ஆஸ்பிரின் போதும்ங்குறாங்க, கர்ப்பமா இருக்குற பொண்ணுக்கு வயித்துல ஊசி போடச் சொல்றாங்க. என் அக்காவுக்கு இந்த நோய் இருக்குறதால லேபுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூடப் போய்க்கிட்டு இருக்கேன், நான் டாக்டர் இல்ல. உங்க டாக்டர்கிட்ட உக்காந்து பேசும்போது எதை எதோட ஒப்பிட்டுப் பாக்கணும்னு புரியுறதுக்காக இதை எழுதுறேன். இதைப் படிச்சுட்டு யாரும் தானா மருந்தை நிறுத்தவோ மாத்தவோ வேண்டாம், இந்த நோயில திடீர்னு நிறுத்துறதுதான் பெரிய ஆபத்து, ஏன்னு கீழ சொல்றேன்.

தோல்ல ஏன் வருது

நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே தப்பான ஆன்டிபாடிய உண்டாக்குது, அது ரத்தக் குழாயோட உள்சுவரையும் பிளேட்லெட்டையும் தூண்டி விட்டு தேவையில்லாத இடத்துல ரத்தத்த உறைய வைக்குது. லண்டன்ல கிரகாம் ஹ்யூஸ் 1983ல இதைத் தனி நோயா விவரிச்சார், அதனால ஹ்யூஸ் சிண்ட்ரோம்னும் சொல்வாங்க. கால்ல பெரிய வெயின்ல (ரத்தம் இதயத்துக்குத் திரும்புற குழாய்) அடைச்சா டிவிடி, மூளைக்குப் போற ஆர்ட்டரியில (இதயத்துலேர்ந்து ரத்தம் போற குழாய்) அடைச்சா ஸ்ட்ரோக், கர்ப்பத்துல நச்சுக்கொடி பாதிச்சா கரு கலையுது. தோலுக்குள்ள இருக்குற மெல்லிய குழாய் அடைச்சா அந்த இடத்துக்கு ரத்தம் போகாம தோல் செத்துப் புண்ணாகுது. அதனாலதான் இந்தப் புண்ணு அளவுல சின்னதா இருந்தாலும் வலி தூங்க விடாது. ஆறினா பீங்கான் மாதிரி வெள்ளைத் தழும்பு விழும்.

13 ஐரோப்பிய நாடுகள்ல 1000 நோயாளிகளைச் சேத்துப் பாத்த ஆய்வு 2002ல வந்துச்சு. அதுல சுமார் 24 சதவீதம் பேருக்கு வலைக்கோடு, அதாவது லிவிடோ இருந்துச்சு. கால் புண்ணு 5.5 சதவீதம், விரல் கறுத்து அழுகுறது 3.3 சதவீதம், தோல் திட்டா செத்துப் போறது 2.1 சதவீதம். பிரான்ஸ்ல 2005ல 200 பேரைத் தோல் டாக்டர்களே தேடிப் பாத்தப்ப கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஏதோ ஒரு தோல் மாற்றம் இருந்துச்சு, 30 சதவீதம் பேருக்கு நோயோட முதல் அடையாளமே தோல்தான். நம்ம மாநிறம், கறுப்புத் தோல்ல இந்தக் கோடு சிவப்பாத் தெரியாது, சாம்பல் கலந்த பழுப்பாவோ மங்கின ஊதாவாவோ இருக்கும், அதனால நிறைய பேர் கவனிக்காமலே விட்டுடறாங்க. நல்ல வெளிச்சத்துல தொடை, பிட்டம், முதுகு எல்லாம் பாக்கச் சொல்லிக் கேளுங்க.

மருந்தைப் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி தெரிஞ்சிருக்க வேண்டியது

மருந்தோட பேரை வெச்சு முடிவெடுக்குறாங்க பாருங்க, அதுதான் தப்பு, முதல்ல இந்த விஷயங்களுக்குப் பதில் கையில இருக்கணும்.

முதல்ல ஆன்டிபாடி நிலவரம். மூணு டெஸ்ட் இருக்கு: லூபஸ் ஆன்டிகோகுலன்ட், ஆன்டிகார்டியோலிபின், ஆன்டி பீட்டா 2 கிளைக்கோபுரோட்டீன். மூணும் பாசிட்டிவா வந்தா டிரிபிள் பாசிட்டிவ், அது ஆபத்து கூடின கூட்டம். காய்ச்சல், தொற்று வந்தா இந்த ஆன்டிபாடி தற்காலிகமா ஏறி இறங்கும், அதனால 12 வாரம் கழிச்சு திரும்பப் பாத்தாதான் உறுதி. இன்னொண்ணு, இந்த லூபஸ் ஆன்டிகோகுலன்ட் டெஸ்ட மருந்து ஆரம்பிக்குறதுக்கு முன்னாடியே எடுத்துடணும், வார்ஃபரின் போட்டாலும் ரிவராக்சபான் போட்டாலும் அந்த ரிசல்ட் குழம்பிடும், ரிவராக்சபான் போட்டவங்களுக்கு நோயே இல்லாட்டியும் பாசிட்டிவ்னு காட்டலாம். புண்ணு வலி தாங்காம அவசரமா மாத்திரை ஆரம்பிச்சுட்டு அப்புறம் டெஸ்டுக்குப் போறவங்க இந்த இடத்துலதான் மாட்டிக்குறாங்க.

ரெண்டாவது, உறைவு எங்க வந்துச்சு. வெயின்லயா, ஆர்ட்டரியிலயா, தோல்ல மட்டுமா. ஸ்ட்ரோக், மாரடைப்பு, விரல் கறுத்துப் போனது எல்லாம் ஆர்ட்டரி கணக்கு.

மூணாவது, வலைக்கோடு எந்த வகை. குளிர்ல வந்து சூடு பட்டா மறையுற, முழுசா மூடின வளையமா இருக்குற கோடு நிறைய ஆரோக்கியமான பொண்ணுங்களுக்கும் வரும், அதுக்குப் பயப்பட வேண்டியதில்ல. சூட்டுலயும் மறையாம, உடைஞ்ச வளையமா, ஒழுங்கில்லாம, உடம்பு தண்டு வரைக்கும் பரவி இருந்தா அது லிவிடோ ரேசிமோசா. இங்கிலாந்துல ஷெஃபீல்ட் நகரத்துத் தோல் டாக்டர் இயன் ஸ்னெடன் 1965லயே இந்தக் கோடும் ஸ்ட்ரோக்கும் ஒண்ணா வந்த 6 பேரை விவரிச்சிருக்கார். அதனால இதை அழகுப் பிரச்சினைன்னு ஒதுக்காதீங்க. மருந்து தேர்வுல இந்தக் கோடு நேரடியா வந்து நிக்குது, ரிவராக்சபான் பகுதியில பாருங்க.

நாலாவது, புண்ணு ஓரத்துல எடுத்த பயாப்சி, அதாவது தோல் துண்டை வெட்டி எடுத்துப் பாக்குற டெஸ்ட். குழாய்க்குள்ள உறைவு இருக்கு, சுவர்ல பெரிய வீக்கம் இல்லன்னா உறைவு நோய். சுவரே வீங்கிச் சிதைஞ்சிருந்தா வாஸ்குலைட்டிஸ், அதுக்கு ஸ்டீராய்டு. ரெண்டும் வெளியில ஒரே மாதிரி தெரியும், வைத்தியம் மட்டும் முழுசா வேற. ஆழமில்லாம மேலாப்புல எடுத்த பயாப்சி ஒண்ணும் சொல்லாது.

மிச்சம் எல்லாம் உங்க சொந்த நிலவரம்: கிட்னி எப்படி வேலை செய்யுது, பிளேட்லெட் எவ்வளவு, வயித்துப் புண்ணு உண்டா, மாதவிடாய் எவ்வளவு போகுது, குழந்தை பெத்துக்கற எண்ணம் இருக்கா, வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க, லேபுக்கு அடிக்கடி போற தூரத்துல வீடு இருக்கா. இந்தக் கடைசிக் கேள்வியை டாக்டர் கேக்க மாட்டார், நீங்களாத்தான் சொல்லணும்.

1. ஆஸ்பிரின் மட்டும்

தினம் 75 அல்லது 100 மில்லிகிராம். விலை மலிவு, டெஸ்ட் தேவையில்ல, சாப்பாட்டுக் கட்டுப்பாடு இல்ல. ஆன்டிபாடி பாசிட்டிவ், ஆனா இதுவரைக்கும் உறைவே வந்ததில்லன்னு இருக்குறவங்களுக்கு, அதுலயும் ஆபத்து கூடின வகை ஆன்டிபாடி இருந்தா, இதைக் குடுக்கலாம்னுதான் 2019 ஐரோப்பிய வழிகாட்டுதலும் சொல்லுது. வலைக்கோடு மட்டும் இருக்கு, புண்ணு இல்ல, ஸ்ட்ரோக் இல்லன்னாலும் பெரும்பாலும் இதுதான்.

ஆனா தோல் செத்துப் புண்ணு வந்தாச்சு, பயாப்சியில உறைவு தெரியுதுன்னா ஆஸ்பிரினை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. இது பிளேட்லெட் ஒட்டுறதைத்தான் குறைக்குது, உறைவு உண்டாகுற சங்கிலியில கை வைக்குறதில்ல. மறைஞ்ச செலவுன்னு பாத்தா வயித்துல ரத்தக் கசிவு, அதுவும் முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக்கோ இபுப்ரோஃபெனோ சேத்துப் போட்டா கண்டிப்பா ஆபத்து. இன்னொரு எதிர்பார்ப்பையும் விட்டுடுங்க: ஆஸ்பிரின் போட்டா வலைக்கோடு மறையும்னு. எந்த ரத்த மருந்து போட்டாலும் அந்தக் கோடு பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும், அதை வெச்சு மருந்து வேலை செய்யலன்னு முடிவு பண்ணாதீங்க.

2. வார்ஃபரின், அசிட்ரோம்

இதுதான் பழைய மருந்து, தொந்தரவு புடிச்ச மருந்து, ஆனா ஏபிஎஸ்ல உறைவு வந்தவங்களுக்கு இன்னைக்கும் முதல் இடம் இதுக்குத்தான். ரெண்டும் ஒரே குடும்பம், வைட்டமின் கே வேலைய மட்டுப்படுத்துறது. அசிட்ரோம் சீக்கிரம் உடம்பை விட்டுப் போகும், வார்ஃபரின் கொஞ்சம் நிதானமா நிக்கும், அதனால ஒரு வேளை மறந்தா அசிட்ரோம்ல ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு காட்டுற டெஸ்ட் எண்) சீக்கிரம் ஆடும். வெயின் உறைவுக்கு ஐஎன்ஆர் 2லேர்ந்து 3க்குள்ள வெப்பாங்க. ஆர்ட்டரி உறைவுக்கு 2-3 இல்லன்னா 3-4, அது டாக்டர் உங்க ரத்தக் கசிவு ஆபத்தைப் பாத்துச் சொல்றது.

தொந்தரவு என்னென்ன? முதல்ல டெஸ்ட். ஆரம்பத்துல வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு, அப்புறம் மாசத்துக்கு ஒண்ணுன்னு வாழ்நாள் பூரா. டெஸ்ட் காசு சின்னதுதான், பஸ் காசும் அரை நாள் கூலியும்தான் பெருசு, இதை யாரும் கணக்குல சேக்குறதில்ல. ரெண்டாவது, லூபஸ் ஆன்டிகோகுலன்ட் இருக்குறவங்களுக்கு விரல்ல குத்திப் பாக்குற மெஷின் ஐஎன்ஆரைப் பொய்யா ஏத்திக் காட்டலாம். 4ன்னு காட்டும், நெசத்துல அதைவிடக் கம்மியா இருக்கலாம், டாக்டர் டோஸைக் குறைப்பார், நீங்க பாதுகாப்பில்லாம இருப்பீங்க. அதனால நரம்புல எடுத்த ரத்தத்துல, முடிஞ்ச வரைக்கும் ஒரே லேப்ல பாருங்க, உங்க நோயோட பேரை லேப்காரங்ககிட்டயும் சொல்லுங்க.

சாப்பாடு விஷயத்துல நம்ம வீடுகள்ல ஒரு பயம் இருக்கு, கீரையே தொடக் கூடாதுன்னு. அப்படி இல்ல. முருங்கைக்கீரை, அரைக்கீரை, முட்டைக்கோஸ்ல வைட்டமின் கே இருக்கு, சரி, ஆனா வாரா வாரம் ஒரே அளவு சாப்பிட்டா டோஸை அதுக்குத் தகுந்த மாதிரி வெச்சுக்கலாம். ஒரு மாசம் தொடாம இருந்துட்டு அடுத்த வாரம் தினம் கீரைன்னு மாத்துறதுதான் பிரச்சினை. மருந்துங்களோட மோதல் இதைவிடப் பெருசு: மெட்ரோனிடசோல், ஃபுளுகோனசோல், கோட்ரைமாக்சசோல் ஐஎன்ஆரைத் தூக்கி விடும், டிபி மருந்துல இருக்குற ரிஃபாம்பிசின் அடியோட இறக்கி விடும். பேதிக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்குற மாத்திரையில மெட்ரோனிடசோல் இருக்கலாம், அதனால கேக்காம எதையும் போடாதீங்க. நாட்டு மருந்து, லேகியம்னு ஆரம்பிச்சாலும் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, அதுல என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது.

இப்ப தோலுக்கு வருவோம், ஏன்னா இந்த மருந்தே தோலைக் கெடுக்கும்னு கேள்விப்பட்டு நிறைய பேர் பயப்படுறாங்க. அது உண்மைதான், அபூர்வம்தான். வார்ஃபரின் ஆரம்பிச்சதும் ரத்தத்தை உறைய விடாத புரோட்டீன் சி முதல்ல இறங்கிடும், உறைய வைக்குற பொருளெல்லாம் இறங்க நாள் ஆகும், அந்த இடைவெளியில உறைவு கூடி மூணாவது நாள்லேர்ந்து பத்தாவது நாளுக்குள்ள மார்பு, தொடை, பிட்டம் மாதிரி கொழுப்பு இருக்குற இடத்துல தோல் கறுத்துச் சாகலாம். அதனாலதான் புது உறைவு இருக்கும்போது ஹெப்பரின் ஊசியோட சேத்து ஆரம்பிச்சு, குறைஞ்சது 5 நாள் ரெண்டையும் ஓட விட்டு, ஐஎன்ஆர் 2ஐத் தாண்டி நின்னப்புறம் ஊசியை நிறுத்துவாங்க. ஊசி வேணாம், மாத்திரை மட்டும் குடுங்கன்னு கெஞ்சாதீங்க, அந்த 5 நாள் ஊசி தோலையும் காப்பாத்துது.

கர்ப்பத்துல இது ஆகாது, 6லேர்ந்து 12 வாரத்துக்குள்ள குழந்தையோட மூக்கு எலும்பையும் மத்த எலும்பையும் பாதிக்கும். கல்யாணமான பொண்ணுங்க மாதவிடாய் தள்ளிப் போன உடனே டெஸ்ட் பண்ணிப் பாக்கணும். தாய்ப்பால் குடுக்கும்போது வார்ஃபரின் போடலாம்.

டிரிபிள் பாசிட்டிவ், ஆர்ட்டரி உறைவு வந்தவங்க, லிவிடோ ரேசிமோசாவோட ஸ்ட்ரோக் வந்தவங்க, இவங்களுக்கெல்லாம் என் பார்வையில இதுதான் சரி, தொந்தரவையும் சேத்தே சொல்றேன்.

3. ரிவராக்சபான், அபிக்சபான்

எல்லாரும் ஆசைப்படுறது இதுக்குத்தான், நியாயமான ஆசைதான். ஐஎன்ஆர் வேணாம், கீரைக் கணக்கு வேணாம், போட்ட சில மணி நேரத்துல வேலை செய்யும். சாதாரண டிவிடி வந்தவங்களுக்கு இது நல்ல மருந்து, அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஏபிஎஸ் சாதாரண டிவிடி இல்ல.

இத்தாலியில டிரிபிள் பாசிட்டிவ் நோயாளிகள்ல ரிவராக்சபானையும் வார்ஃபரினையும் நேருக்கு நேர் வெச்சுப் பாத்தாங்க, 2018ல முடிவு வந்துச்சு. 120 பேர் சேந்தப்பவே ஆய்வை நிறுத்த வேண்டியதாப் போச்சு. ரிவராக்சபான் பக்கம் 59 பேர்ல 11 பேருக்கு உறைவோ பெரிய கசிவோ மரணமோ நடந்துச்சு, வார்ஃபரின் பக்கம் 61 பேர்ல 2 பேருக்கு. 4 ஸ்ட்ரோக்கும் 3 மாரடைப்பும் ரிவராக்சபான் பக்கம், வார்ஃபரின் பக்கம் உறைவு ஒண்ணுகூட இல்ல. ஸ்பெயின்ல 190 பேர வெச்சு 2019ல வந்த ஆய்வுல ரிவராக்சபான் பக்கம் 9 ஸ்ட்ரோக், மறுபக்கம் சைபர். அமெரிக்காவுல அபிக்சபானை வெச்சுப் பாத்தப்பவும் அதே கதை, 23 பேர்ல 6 பேருக்கு ஸ்ட்ரோக், வார்ஃபரின் போட்ட 25 பேர்ல யாருக்கும் இல்ல. இத்தாலி ஆய்வோட முடிவைப் பாத்தே ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019லயே ஏபிஎஸ் நோயாளிகளுக்கு, முக்கியமா டிரிபிள் பாசிட்டிவ்காரங்களுக்கு, இந்த வகை மாத்திரைங்க வேண்டாம்னு எச்சரிச்சுச்சு.

அந்த ஸ்பெயின் ஆய்வுல இன்னொரு விஷயம் இருக்கு, நம்ம கேள்விக்கு அதுதான் முக்கியம். யாருக்கு ரிவராக்சபான்ல திரும்ப உறைவு வந்துச்சுன்னு பின்னாடி அலசிப் பாத்தப்ப மூணு கூட்டம் தெரிஞ்சுது: ஏற்கனவே ஆர்ட்டரி உறைவு வந்தவங்க, இதய வால்வு பாதிச்சவங்க, லிவிடோ ரேசிமோசா இருந்தவங்க. பின்னாடி செஞ்ச அலசல்ங்குறதால அதைக் கடைசித் தீர்ப்பா எடுத்துக்க முடியாது, ஆனா தோல்ல இருக்குற கோடு மருந்து தேர்வுல எவ்வளவு கனமா நிக்குதுன்னு காட்டுது. உங்க தொடையில அந்த உடைஞ்ச வலை இருந்தா டாக்டர்கிட்ட துணியை விலக்கிக் காட்டுங்க, கூச்சப்பட்டு விட்டுடாதீங்க.

சரி, அப்ப இந்த மாத்திரை தோல் புண்ணுக்கு ஆகவே ஆகாதா? அப்படியும் இல்ல. லிவிடாய்ட் வாஸ்குலோபதின்னு ஒரு நோய் இருக்கு, அதே கணுக்கால், அதே வலி, அதே வெள்ளைத் தழும்பு, தோலோட மெல்லிய குழாய்ல அதே உறைவு. ஏபிஎஸ்லயும் இது வரும், ஆன்டிபாடி எதுவுமே இல்லாதவங்களுக்கும் வரும். ஜெர்மனியில 25 பேருக்கு ரிவராக்சபான் குடுத்துப் பாத்து 2016ல வெளியிட்டாங்க: 100க்கு 65ன்னு இருந்த வலி 12 வாரத்துல 6க்கு இறங்கிடுச்சு. சின்ன ஆய்வுதான், ஒப்பிட வேற கூட்டம் இல்ல, இருந்தாலும் வருஷக் கணக்கா ராத்திரி தூங்காம இருந்தவங்களுக்கு இது பெரிய விஷயம். அதனால ஆன்டிபாடி மூணும் நெகட்டிவ், ஸ்ட்ரோக் இல்ல, பயாப்சியில உறைவு மட்டும்னு வந்தா இந்த மாத்திரை நல்ல தேர்வு. ஒரே புண்ணு, ரத்த ரிப்போர்ட்ட பொறுத்து பதில் தலைகீழா மாறுது.

மறைஞ்ச செலவு: மாதவிடாய் ரத்தப்போக்கு நிறைய பேருக்குக் கூடும், ஹீமோகுளோபின் சத்தமில்லாம இறங்கும். ரிவராக்சபான் 15, 20 மில்லிகிராம் மாத்திரையைச் சாப்பாட்டோடதான் போடணும், வெறும் வயித்துல போட்டா சரியா உடம்புல ஏறாது, விரதம் இருக்குறவங்க கவனிக்கணும். ஒரு நாள் மறந்தா அன்னைக்கே பாதுகாப்பு போயிடும், வார்ஃபரின்ல அந்த அளவுக்கு உடனே போகாது. டெஸ்ட் இல்லங்குறது வசதிதான், ஆனா மருந்து உடம்புல இருக்கா இல்லையான்னு சாதாரண டெஸ்ட்ல நம்பிக்கையா சொல்லவும் முடியாது. ரிஃபாம்பிசின், ஃபெனிடாய்ன், கார்பமசெபின் இதோட வேலையையும் குறைக்கும். கர்ப்பம், தாய்ப்பால் ரெண்டுலயும் கூடாது.

4. ஹெப்பரின் ஊசி

எனாக்சாபாரின் மாதிரி ஊசி, வயித்துத் தோலுக்கு அடியில, வைத்திய அளவுன்னா கிலோவுக்கு 1 மில்லிகிராம் கணக்குல நாளைக்கு ரெண்டு வேளை. புண்ணு வேகமாப் பெருசாகுது, விரல் கறுக்குது, புது உறைவு வந்திருக்குன்னா முதல்ல கை குடுக்குறது இதுதான். வார்ஃபரின்ல ஐஎன்ஆர் சரியா இருந்தும் திரும்பத் திரும்ப உறைவு வர்றவங்களுக்கும் இதுக்கு மாத்துவாங்க. கர்ப்பத்துல குழந்தைக்குப் போகாத மருந்து இதுதான், ஆஸ்பிரினோட சேத்துக் குடுப்பாங்க. எத்தனையோ தடவை கரு கலைஞ்சவங்க இந்த ஊசியோட பிள்ளை பெத்திருக்காங்க, அதனால ஊசி வலிக்குப் பயந்து இதைத் தள்ளிப் போடாதீங்க.

வருஷக் கணக்குல போடுறதுக்கு இது கஷ்டம். செலவு மாத்திரையை விட ரொம்ப அதிகம். வயிறு பூரா கன்னிப்போகும், நீண்ட நாள்ல எலும்பு தேயலாம், கால்சியமும் வைட்டமின் டியும் பாத்துக்கணும். கிட்னி சரியில்லன்னா உடம்புல தங்கிடும், அளவைக் குறைக்கணும். அபூர்வமா ஹெப்பரினே பிளேட்லெட்டைச் சரிச்சு உறைவை உண்டாக்கும், பெரும்பாலும் 5லேர்ந்து 10வது நாளுக்குள்ள, ஊசி போட்ட இடத்துல தோல் கறுக்கறதும் அதோட அடையாளமா இருக்கலாம். ஏற்கனவே தோல் நோயோட இருக்குறவங்க இதையும் நம்ம நோய்தான்னு நெனச்சு சும்மா இருந்துடக் கூடாது, அன்னைக்கே பிளேட்லெட் பாக்கணும். இன்னொரு சிக்கல், சாதாரண ஹெப்பரினை டிரிப்ஸ்ல ஏத்தும்போது ஏபிடிடி டெஸ்ட வெச்சு அளவு பாப்பாங்க, லூபஸ் ஆன்டிகோகுலன்ட் இருந்தா அந்த டெஸ்ட் மருந்து போடாமலே கூடுதலாத்தான் இருக்கும். ஆன்டி டென் ஏ டெஸ்ட் (ஹெப்பரின் அளவை வேற வழியில பாக்குறது) பண்ண முடியுமான்னு கேளுங்க.

ஒரே பார்வையில

| எதைப் பாக்கணும் | ஆஸ்பிரின் | வார்ஃபரின் / அசிட்ரோம் | ரிவராக்சபான் வகை | ஹெப்பரின் ஊசி |
|---|---|---|---|---|
| வலைக்கோடு மட்டும், உறைவு வந்ததில்ல | பெரும்பாலும் இதுவே | தேவையில்ல | தேவையில்ல | தேவையில்ல |
| டிரிபிள் பாசிட்டிவ், உறைவு வந்தாச்சு | தனியா போதாது | முதல் தேர்வு | வேண்டாம் | ஆரம்பத்துல, இல்ல மாத்திரை தோத்தா |
| ஸ்ட்ரோக், விரல் கறுத்தது | டாக்டர் சொன்னா கூடச் சேப்பாங்க | முதல் தேர்வு | வேண்டாம் | ஆரம்பத்துல |
| ஆன்டிபாடி இல்லாத லிவிடாய்ட் புண்ணு | பலன் குறைவு | போடலாம் | நல்ல தேர்வு | போடலாம் |
| கர்ப்பம் | சரி | கூடாது | கூடாது | முதல் தேர்வு |
| தொடர் டெஸ்ட் | இல்ல | ஐஎன்ஆர், வாழ்நாள் பூரா | கிட்னி, ஹீமோகுளோபின் அப்பப்ப | பிளேட்லெட், கிட்னி |
| ஒரு வேளை மறந்தா | பெருசா இல்ல | கொஞ்சம் தாங்கும் | உடனே பாதுகாப்பு போகும் | உடனே போகும் |

இந்த அட்டவணையில அடங்காத ஒரு நிலைமை இருக்கு: ஒரே ஒரு ஆன்டிபாடி மட்டும் பாசிட்டிவ், வெயின் உறைவு மட்டும் வந்தவங்க, ஐஎன்ஆர் எவ்வளவு முயற்சி பண்ணியும் நிலைக்கல, இல்ல லேபே கிட்ட இல்லாத மலை ஊர்ல இருக்காங்க. இவங்களுக்கு ரிவராக்சபான் பத்தி யோசிக்கலாம்னு சில டாக்டர்கள் சொல்வாங்க, அது நியாயம்தான், ஏன்னா ஐஎன்ஆர் 1.3ல நிக்குற வார்ஃபரின் காகிதத்துல மட்டும்தான் மருந்து. ஆனா அதுக்கு முன்னாடி ஏன் நிலைக்கலன்னு தேடுங்க: டோஸை மறக்குறாங்களா, வேற மாத்திரை மோதுதா, லேப் மாறி மாறிப் பாக்குறாங்களா.

இந்த நாலும் செய்யாத வேலை

உறைவை நிறுத்தினா மட்டும் புண்ணு மூடிடாது. நல்ல டிரெஸ்ஸிங் வேணும், தொற்று வராம பாத்துக்கணும், கால் வீக்கம் இருந்தா இறுக்குக் கட்டு உதவும், ஆனா கட்டுறதுக்கு முன்னாடி பாதத்துல நாடித் துடிப்பு பாக்கணும், ஆர்ட்டரி அடைச்சிருந்தா கட்டு காலையே கெடுக்கும். செத்த தோலை அவசரப்பட்டு ஆழமா வெட்டி எடுக்கச் சொல்லாதீங்க, உறைவு அடங்குறதுக்கு முன்னாடி வெட்டின இடத்துலயும் புதுப் புண்ணு வரலாம். மஞ்சளையும் பச்சிலையையும் திறந்த புண்ணுல அப்புற பழக்கம் இன்னும் இருக்கு, தயவுசெஞ்சு வேண்டாம்.

லூபஸ் நோயும் (எதிர்ப்பு சக்தி நம்ம உடம்பையே தாக்குற இன்னொரு நோய்) சேந்து இருக்குறவங்களுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் கூடவே குடுப்பாங்க, வருஷா வருஷம் கண் பாக்கணும். ஸ்டீராய்டு இந்த உறைவுப் புண்ணுக்கு மருந்தில்ல, வாஸ்குலைட்டிஸ்னு நெனச்சு மாசக் கணக்குல குடுத்தா முகம் ஊதி சுகர் ஏறுறதுதான் மிச்சம். சிகரெட்டை விடணும். ஈஸ்ட்ரோஜன் இருக்குற கருத்தடை மாத்திரை கூடாது, மாதவிடாயைத் தள்ளிப் போட மெடிக்கல்ல எந்த மாத்திரை வாங்குறதா இருந்தாலும் முதல்ல உங்க டாக்டர்கிட்ட கேளுங்க.

டெங்கு சீசனைப் பத்தித் தனியா சொல்லணும். ஏபிஎஸ்லயே நிறைய பேருக்கு பிளேட்லெட் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும், அது உறைவுலேர்ந்து காப்பாத்தாது. அதுக்கு மேல டெங்கு வந்து பிளேட்லெட் மளமளன்னு இறங்கினா ரத்த மருந்தை வெச்சுக்கிட்டு இருக்குறதா, நிறுத்துறதான்னு தினம் ரத்தம் பாத்து டாக்டர்தான் முடிவு பண்ணணும். காய்ச்சல் வந்த அன்னைக்கே போய் சிபிசி, அதாவது ரத்த அணு எண்ணிக்கை டெஸ்ட் எடுங்க, பாரசிட்டமால் தவிர வேற வலி மாத்திரை வேண்டாம்.

பல்லு புடுங்குறது, சின்ன ஆப்ரேஷன்னு வந்தா நீங்களா மருந்தை நிறுத்திடாதீங்க. தொற்று, ஆப்ரேஷன், மருந்தை நிறுத்துறது, இந்த மூணும்தான் நோயைப் பேரழிவு நிலைக்குக் கொண்டு போற முக்கியமான தூண்டல்கள். நோயாளிகள்ல 1 சதவீதத்துக்கும் கீழதான் அந்த நிலைமை வருது, ஆனா வந்தா ஒரு வாரத்துக்குள்ள கிட்னி, நுரையீரல், மூளைன்னு பல இடத்துல ஒரே நேரத்துல உறையும், அதோட தோல்லயும் புதுசா கறுப்புத் திட்டு வரலாம். அப்போ ஹெப்பரின், ஸ்டீராய்டு, பிளாஸ்மா மாத்துறது எல்லாம் சேந்து நடக்கணும், அது பெரிய ஆஸ்பத்திரியில மட்டும்தான் முடியும். புதுசா கறுப்புத் திட்டும் மூச்சுத் திணறலோ சிறுநீர் குறையுறதோ பேச்சுக் குழறலோ சேந்து வந்தா மறுநாள் வரைக்கும் காத்திருக்காம கேஷுவால்ட்டிக்குப் போங்க. போகும்போது ஆன்டிபாடி ரிப்போர்ட், மருந்தோட பேரு, கடைசி டோஸ் போட்ட நேரம், கடைசி ஐஎன்ஆர் நாலையும் ஒரே காகிதத்துல எழுதி எடுத்துட்டுப் போங்க, அந்தக் காகிதத்தோட போட்டோ வீட்டுல இருக்குற எல்லார் போன்லயும் இருக்கட்டும்.